அவரைச் சாக விடுங்கள்!

போன சனிக்கிழமை பிளாக்டவுனில் ஒரு பெரியவரைச் சாகவிடாமல் தடுத்துவிட்டார்கள்! நானும் அங்கேதான் இருந்தேன். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

பதறாதீர்கள்... நாடகத்தில்தான்.

சிட்னியில் தம்பி வீட்டுக்கு வந்திருப்பதைப் போன வாரமே எழுதியிருந்தேன். வீடு நார்த்மீட்டில். இங்கே நம்மவர்கள் குறைவு. அதனால் தமிழர், மராட்டியர், குஜராத்தி, சிலோன்காரர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே சங்கம். பக்கத்துப் பிளாக்டவுன் ஹாலில் நடக்கும் அதன் ஆண்டு விழாவுக்கு இந்தத் தடவை ஒரு மராத்தி நாடகம். மகள் வேஷத்துக்கு மராட்டியப் பெண் யாரும் அகப்படாததால், அது என் தம்பி மனைவி மைதிலி தலையில் விழுந்தது!

வசனத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, சாம்பார் கொதிக்கக் கொதிக்கப் பாடம் செய்தாள். மராத்தியில் நாலு விதமான 'க' உண்டாம். நம்மிடம் இருப்பதோ ஒன்று. அவள் எந்தக் 'க'வைச் சொன்னாலும் கோவிந்தராவ் சிரித்துக்கொண்டே வேறொன்றைச் சொல்லிக் கொடுப்பார்.

கோவிந்தராவ்தான் கதாநாயகர். பூனாவில் பெயர் வாங்கிய மேடை நடிகர். மகன் வசந்தைப் பார்க்க வந்தவர், இந்த வாரம் ஊர் திரும்புகிறார். அங்கே இனி எந்தக் கம்பெனியும் தன்னைக் கூப்பிடாது என்று அவரே சொன்னார். அதாவது, இதுதான் அவருக்குக் கடைசி மேடை.

கதை இதுதான். ஒரு கிழ நடிகருக்கு வசனம் மறக்க ஆரம்பிக்கிறது. கம்பெனி கைவிடுகிறது. பெற்ற பிள்ளைகள், "இந்த மாதம் உன் முறை" என்று அவரைப் பந்தாடுகிறார்கள். கடைசியில் பழைய தியேட்டரின் மேக்கப் அறைக்குள் புகுந்து, ராஜா கிரீடத்தை வைத்துக்கொண்டு, மேடைக்குக் கூப்பிடும் மணிக்காகக் காத்திருக்கிறார். காத்திருந்தபடியே உயிர் போகிறது.

"ராஜாவாக எத்தனையோ முறை செத்திருக்கிறேன். கத்தியால், விஷத்தால்... ஒரு நடிகனாகச் செத்ததே இல்லை" என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். கல்யாணம் நிச்சயமான பையனைப் போல முகமெல்லாம் சிரிப்பு!

ஒத்திகை பார்க்க வந்தார் சங்கத் தலைவர். திருச்சிக்காரர். முடிவைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"இதை மாத்திடுங்க மைதிலி. மக வந்து, 'வீட்டுக்கு வாங்கப்பா'ன்னு கூட்டிட்டுப் போற மாதிரி வச்சுக்கலாம். வாரம் பூரா உழைச்சுட்டு வர்ற ஜனங்க. அழுதுகிட்டா வீட்டுக்குப் போகணும்?"

கமிட்டி முழுவதும் கை தூக்கியது. தகப்பனுக்காகப் பேச வேண்டிய வசந்தும் கை தூக்கினான். கோவிந்தராவ் தலையை மட்டும் ஆட்டினார்.

எனக்குப் புரியாமலில்லை. இங்கே இருக்கும் ஒவ்வொருவரும் யாரோ ஒரு அப்பாவை, அம்மாவை ஏர்போர்ட்டில் நிறுத்திவிட்டு வந்தவர்கள்தான். கதை எங்கோ குத்துகிறது. குத்தட்டுமே! வலிக்காமல் பார்ப்பதற்குத்தான் வீட்டில் கலர் டிவி வாங்கி வைத்திருக்கிறீர்களே?

சனிக்கிழமை ஹால் நிரம்பியிருந்தது. கடைசிக் காட்சி. கிரீடத்தோடு உட்கார்ந்திருக்கிறார் கோவிந்தராவ். மைதிலி ஓடி வந்து புது வசனத்தைச் சொன்னாள் – வீட்டுக்கு வாருங்கள் அப்பா.

அவர் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை! அவள் தலையைத் தடவினார். எங்கோ மணி அடித்தது போல நிமிர்ந்து பார்த்தார். மெதுவாகத் தலை சாய்ந்தது.

மைதிலிக்கு அதற்குமேல் மராத்தி கிடையாது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பின்வரிசையில் யாரோ விசும்பினார்கள்...

தலைவர் பாய்ந்து போய் மைக்கைப் பிடித்தார். பெரியவர் இறக்கவில்லையாம். லேசான மயக்கம்தானாம். மகள் டாக்டரிடம் கூட்டிப்போகிறாளாம். பக்கத்து அறையில் பூரி ரெடி!

திரை விழுந்தது. விளக்கெல்லாம் எரிந்தது. ஜனங்கள், "அப்பாடா" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள். ஒரு மனிதர் உயிரைக் கொடுத்து நடித்ததை மைக்கில் ரத்து செய்ய இவர் யார்? அந்த மைக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது எனக்கு.

என் பக்கத்து நாற்காலிக்காரி மட்டும் எழுந்திருக்கவில்லை. பத்மா. யாழ்ப்பாணத்துப் பெண், நர்ஸ்.

"சாப்பிட வரலையாம்மா?" என்றேன்.

"அழத்தானே அக்கா வந்தனான். அப்பா செத்துத் தந்தி வந்த அண்டைக்கும் வேலைக்குப் போனனான். ஊருக்குப் போக ஏலாமப் போச்சு. இஞ்ச ஆருக்கு முன்னால அழுறது? இப்பதான் கொஞ்சம் வந்தது... அதுக்குள்ள லைட்டைப் போட்டிட்டினம்."

விடுவிடுவென்று திரைக்குப் பின்னால் போனேன்.

"அக்கா, அவர் எந்திரிக்கவே மாட்டேங்கறார்" என்றாள் மைதிலி, அழாக்குறையாக. கோவிந்தராவ் அதே நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பத்மாவைப் பற்றிச் சொன்னேன். கண்ணைத் திறந்தார்.

"ஒருவர் இருக்கிறாரா? போதும்" என்று கிரீடத்தைச் சரிசெய்துகொண்டார். "விளக்கை அணைத்துவிட்டுத் திரையைத் தூக்குங்கள்."

விளக்கை நான் அணைத்தேன். திரையை மைதிலி தூக்கினாள். காலியான ஹாலில், பத்மா ஒருத்திக்காக, கோவிந்தராவ் தன் கடைசிக் காட்சியை முதலிலிருந்து நடித்தார். மகள் வரவில்லை. யாரும் வரவில்லை. ஒரு அவசரமும் இல்லாமல், நிதானமாகச் செத்தார். பத்மா வாய்விட்டு அழுதாள். நானும்தான்.

கதவைத் திறந்து தலையை நீட்டினார் தலைவர். "என்னங்க, இன்னுமா முடியலை?"

பத்மா திரும்பிப் பார்த்தாள். "இப்பதான் செத்தவர். சத்தம் போடாதேங்கோ."