சாட்சி 'சி'

டண்டினொங்கில் நான் வேலை செய்த குளிர்க் களஞ்சியத்தில், பின்னோக்கி வந்த ஃபோர்க்லிஃப்ட் தட்டி, அடுக்கியிருந்த பெட்டிகள் சரிந்ததில் ஒருவர் இறந்துபோனார். மன்னார்க்காரர். அந்த வண்டி பின்னோக்கி வரும்போது ஒலிக்கவேண்டிய அலாரம் பழுதாகிக் கிடந்ததை மேற்பார்வையாளரிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன். விழுந்தவரிடம் முதலில் ஓடிப்போனவளும் நான்தான். அதனால் மரண விசாரணைக்கு என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

அப்போது எனக்கு நிரந்தர விசா கிடைத்திருக்கவில்லை. வேலையும் ஏஜென்சி மூலம் வந்தது; நினைத்தால் ஒரு மெசேஜோடு நிறுத்திவிடுவார்கள். என் பெயர் வெளியே வரக்கூடாது என்று சட்டத்தரணி மூலம் கேட்டேன். விசாரித்த கொரோனர் அவசரமில்லாமல் பேசுகிற ஒரு பெண். என் பெயரையோ படத்தையோ யாரும் வெளியிடக்கூடாது என்று உத்தரவிட்டு, என்னை 'சாட்சி சி' என்று அழைக்கச் சொன்னார். ஆனால் கொம்பனியின் சட்டத்தரணிகள் என்னைக் கேள்வி கேட்கவேண்டும், அவர்களிடமிருந்து மறைக்க முடியாது என்றார். எனக்குத் தொடர்ந்து வேலை கொடுக்கச் சொல்லவும் தனக்கு அதிகாரமில்லையாம். நான் பயந்தது பேப்பர்காரருக்கு அல்ல, கொம்பனிக்குத்தான். என்றாலும் அலாரம் பற்றிச் சொன்னேன்.

அதற்குப் பிறகு எனக்கு ஷிப்ட் வரவில்லை. யாரும் காரணம் சொல்லவுமில்லை. ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் வேலை எடுத்தேன்.

கொரோனரின் முடிவு வெளியானதும், இறந்தவரின் மனைவி என்னைப் பார்க்க விரும்புவதாகச் சட்டத்தரணி சொன்னார். போகலாமா என்று கேட்டேன். நானாக என்னை யாரென்று சொல்வதை உத்தரவு தடுக்காது என்றார்.

நோபல் பார்க்கில் அந்த மனைவியின் வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொரோனரின் ஆங்கில அறிக்கையைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். 'சாட்சி சி' என்று வந்த இடங்களில் 'நான்' என்று சொன்னேன்.

"அப்ப ஆரில பிழையெண்டு எழுதியிருக்கினம்?" என்று கேட்டார்.

"அதைக் கொரோனர் எழுத ஏலாது அக்கா. எப்பிடி நடந்தது எண்டுதான் சொல்லலாம். குற்றம் ஆரில எண்டு சொல்லுறது வேற கோர்ட்."

"அலாரம் வேலை செய்யேல்ல எண்டு இருக்கோ?"

"ஓம். நான் சொல்லியும் திருத்தேல்ல எண்டும் இருக்கு."

அந்த வரியைத் திரும்பவும் வாசிக்கச் சொன்னார். பிறகு, அறிக்கையில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

"அவர் ஏதாவது சொன்னவரோ?"

"கை குளிருது, கிளவுஸைக் கழட்டிவிடு எண்டவர். கழட்டிப்போட்டுக் கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான்."

அவர் தலையாட்டினார். பிறகு சாப்பிட்டுப் போகச் சொல்லிச் சோறு போட்டார்.

கொம்பனி மேல் வழக்குப் போடுவதா என்று முடிவு செய்கிற அலுவலகத்தில் இப்போது அந்தக் கோப்பு இருக்கிறது. இன்னும் பதிலில்லை. என் விசா சரிவந்துவிட்டது. வழக்கு வந்தால் சொந்தப் பெயரிலேயே சாட்சி சொல்வதாக அந்த அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.