டிக்கியில வெங்காய மூட்டை, பின் சீட்டுல யாழினி

இந்நேரத்துல போன் சத்தம் கேட்டு யார் வீட்டுக் குழந்தையாவது முழிச்சிருந்தா மன்னிச்சுக்கோங்க.

என் பொண்ணு இப்பதான் தூங்கினா. எனக்குத்தான் தூக்கம் வரல. சந்தோஷத்துல!

குரூப்புக்குப் புதுசா வந்தவங்களுக்காக: யாழினிக்கு நாலு வயசு. பேச்சு கொஞ்சம் லேட். மொத்தமே பத்துப் பன்னெண்டு வார்த்தைதான் சொல்லுவா.

அதனால வாரம் ரெண்டு நாள் பெரம்பலூர்ல இருந்து அரியலூருக்கு ஸ்பீச் தெரபிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஓட்டுறது நான்தான். (லைசென்ஸ் வாங்கி எட்டு மாசம். சிரிக்காதீங்க.)

தெரபி மிஸ் தங்கமானவங்க. எங்களைப் படுத்தி எடுத்தது கார்.

பழைய செடான். வளைவுல திரும்பினா ஒரு பக்கமா சாயும். எதிர்ல சிமெண்ட் லாரி போனா அந்தக் காத்துக்கே ஆடும்.

சரி, ஆடுற வண்டி மெத்துன்னாவது இருக்கும்னு பாத்தா, வேகத்தடையில பின் சீட்டைத் தூக்கித் தூக்கிப் போடும்.

பாதி வழியில யாழினிக்கு மூஞ்சி வெளுத்துடும். என் ஒரு கண்ணு ரோட்ல, இன்னொரு கண்ணு கண்ணாடியில தெரியிற அவ மூஞ்சியில. நான் ஓரங்கட்டுறதுக்குள்ள வாந்தி.

கவுன் மாத்தி, மூஞ்சி துடைச்சுக் கூட்டிட்டுப் போனா, அங்க மேசைக்கு அடியில போய்ப் படுத்துக்குவா.

போன வாரம் மிஸ் சொல்லிட்டாங்க: "இவ்ளோ களைச்சு வந்தா நான் என்னங்க செய்ய முடியும்? கொஞ்ச நாள் நிறுத்தி வைப்போமா?"

மூணு நாள் எனக்குச் சோறு இறங்கல.

என் வீட்டுக்காரர் செந்தில் வீடியோ பாத்து ஒரு வழி கண்டுபிடிச்சார். "ஸ்பிரிங்கை இன்னும் கட்டியா மாத்தி வண்டியைத் தாழ்த்திட்டா, ரோட்டைக் கவ்விட்டு ஓடும்."

"அப்ப தூக்கிப் போடுறது?"

"அது கொஞ்சம் கூடத்தான் செய்யும். ரெண்டும் வேணும்னா எப்புடி?"

எனக்கு ரெண்டும்தான் வேணும்.

புதன்கிழமை துறைமங்கலம் பக்கம் எங்க மெக்கானிக் பாய்கிட்ட கொண்டு போனோம். அவர் பானட்டைத் தொடவே இல்ல. நேரா போய் டிக்கியத் திறந்தார்.

உள்ள ரெண்டு மூட்டை. ஒண்ணு சின்ன வெங்காயம். ஒண்ணு மக்காச்சோளம்.

செந்திலுக்கு ஊரு ரஞ்சன்குடி பக்கம். அங்க போயிட்டு வெறும் டிக்கியோட திரும்பினா அத்தைக்கு மனசு ஆறாது. ஏத்தி விட்டுத்தான் அனுப்புவாங்க.

எங்க வீடு மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அதனால மூட்டை டிக்கியிலயே குடித்தனம் பண்ணும், வேணுங்கிறப்ப அள்ளிக்குவோம். (மக்காச்சோளம் கோழிக்காம். எங்ககிட்ட கோழி கிடையாது. அதை அத்தைகிட்ட சொல்ல தைரியமும் கிடையாது.)

பாய் செந்திலைப் பாத்தார். "தம்பி, இது காரா, லோடு ஆட்டோவா?"

"பின்னாடி இறங்குது பாய். அதான் ஸ்பிரிங்குக்கு நடுவுல ரப்பர் கட்டை வச்சிருக்கேன். டயர்ல காத்தும் நாப்பது."

பாய் தலையில கை வச்சுட்டார்.

"மூட்டைக்காக ஸ்பிரிங்கைக் கட்டிப் போட்டுட்டு, அதுல புள்ளைய ஏத்தி அனுப்புறியே, நீயெல்லாம் படிச்சவனா?"

அப்புறம் என்கிட்ட திரும்பினார். "ஸ்பிரிங்கு அசைஞ்சாத்தான் தங்கச்சி டயரு ரோட்டை விடாது. இவரு ரப்பர் அதை அசைய விடல, அதான் குதிக்குது. சாயிறதுக்குக் காரணம் வேற. வண்டி ஒரு பக்கமா படுக்காம பிடிச்சு வைக்கிற லிங்க் ராடு லொடலொடன்னு கெடக்கு. ஷாக் அப்சார்பர் நாலும் எண்ணெய் கக்கிருச்சு."

"அப்ப ஆட்டமும் நிக்கும், தூக்கியும் போடாதா பாய்?"

"கம்பெனிக்காரன் அப்படித்தான் கொடுத்தான். நீங்கதான் கெடுத்தீங்க."

ரப்பர் வெளிய வந்துச்சு. புது ஷாக் அப்சார்பர், புது லிங்க் ராடு, புஷ், வீல் அலைன்மெண்ட். காத்து, டிரைவர் கதவுல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்படி முப்பத்திரெண்டு. (எட்டு மாசமா அந்தக் கதவைத் திறந்து மூடுறேன். ஒரு நாள் படிச்சதில்ல.)

மூட்டை ரெண்டும் செந்தில் தோள்ல மூணு மாடி ஏறிச்சு. நான் கதவைப் பிடிச்சு நின்னேன். சுகமா இருந்துச்சு.

இன்னைக்குக் காலைல கிளம்பினோம். கவர், எலுமிச்சம்பழம், மாத்து கவுன் எல்லாம் வழக்கம்போல.

முதல் வளைவு. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்புச்சு. அவ்ளோதான். சாயல!

வேகத்தடை. ஒரு தடவை ஏறி, ஒரு தடவை இறங்குச்சு. (இதுக்கெல்லாம் ஒருத்தி அழுவாளா? அழுதேன்.)

அப்பதான் பின்னாடி இருந்து ஒரு சத்தம். கால் தானா பிரேக்குக்குப் போயிருச்சு. இண்டிகேட்டரும் போட்டுட்டேன். கண்ணாடியில பாத்தா, ஜன்னல்ல விரலை வச்சிருக்கா.

"லாரி."

அவளோட பன்னெண்டு வார்த்தையில இது இல்ல. நான் சொல்லிக் கொடுத்ததும் இல்ல.

"என்ன சாமி?"

"லாரி."

அரியலூர் ரோட்ல லாரிக்கா பஞ்சம்? ஒண்ணு விடாம சொல்லிட்டே வந்தா. எதிர்ல வந்ததுக்கு, ஓரமா நின்னதுக்கு, பஞ்சர் கடையில படுத்திருந்ததுக்கு.

இத்தனை நாளும் அந்த ஜன்னலுக்கு வெளிய லாரி ஓடிட்டுத்தான் இருந்துச்சு. நிமிர்ந்து பாக்கத்தான் அவளால முடியல.

தெரபியில முழு நேரமும் நாற்காலியில உக்காந்தா. மிஸ் வாசல் வரைக்கும் வந்தாங்க. "நிறுத்த வேணாம்ங்க. செவ்வாய்க்கிழமை கூட்டிட்டு வாங்க."

மாத்து கவுன் மடிப்பு கலையாம வீடு வந்து சேர்ந்துச்சு.

ராத்திரி சாப்பாட்டுல செந்தில் மெதுவா ஆரம்பிச்சார். "அம்மா போன் பண்ணுச்சு. வெங்காயம் எடுத்தாச்சாம். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுது. மூணு மூட்டையாம். அந்த ரப்பரை ரெண்டே ரெண்டு நாளைக்கு மட்டும் மாட்டிக்கட்டுமா?"

ரப்பரை நான் அரிசி டிரம்முக்குள்ள புதைச்சு வச்சிருக்கேன். அது அவருக்குத் தெரியாது. (இந்தப் பதிவை அவர் பாக்காத மாதிரி வச்சிருக்கேன்.)

ரப்பர் இல்லாம இந்த வண்டி எத்தனை மூட்டை தாங்கும்? அத்தை மனசு நோகாம மிச்சத்தை எப்படி வேணாம்னு சொல்றது?

சனிக்கிழமை சாயந்திரம் வரைக்கும்தான் எனக்கு டைம். தெரிஞ்சவங்க சீக்கிரம் பதில் போடுங்க.