இடைவேளைக்கு வைத்திருந்த கேள்வி

ஒஸ்லோ தியேட்டருக்குள் எனக்கு வேர்க்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு நாள். ஸ்பானிஷ் படம், கீழே நொர்வேஜிய எழுத்து, இரண்டும் விளங்கவில்லை. ஒரு பக்கம் அக்கா. மறுபக்கம் அவவோடு வேலை செய்யும் சிலி நாட்டுக்காரி கார்மென். அவவோடு கதைக்க அக்கா எழுதித் தந்த ஸ்பானிஷ் வசனங்கள் கைக்குள் நனைகின்றன. "மே குஸ்தோ", பிடித்திருந்தது: அது முடிவில் சொல்ல. "இ அஓரா கே?", இனி என்ன: அது இடைவேளையில் கேட்க.

நாயகி தனியாகப் படகேறுகிறாள். லைற் எரிகிறது. கார்மெனிடம் கேட்கிறேன்: "இ அஓரா கே?"

கார்மெனின் கண் கலங்கியிருக்கிறது. என் கையைப் பிடித்து நீளமாக ஏதோ கதைக்கிறா. பயந்துபோய் அக்காவைப் பார்க்கிறேன்.

"தானும் அதைத்தான் யோசிக்கிறாவாம். எழும்படா, படம் முடிஞ்சுது. இஞ்சை இடைவேளை விடுறேல்லை."