கடலுக்கு முதுகு காட்டி நின்ற ஸ்கூட்டர்

உயிரைத் தந்தவனும் அல்லாஹ், கேட்டு வாங்கிக்கொண்டவனும் அல்லாஹ். அவனைப் புகழ்ந்து, எங்கள் நபி மீது ஸலவாத்துச் சொல்லி இதைத் தொடங்குகிறேன்.

எங்கள் காக்காவின் வருடக் கத்தத்துக்கு ஓத வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களே, அயல் வீட்டாரே, நான் அவருடைய ஒரே தங்கை. மூன்றாம் வகுப்போடு நின்றவள். நான் எழுதிக் கொடுத்ததைக் காக்காவின் மகள், என் மருமகள், அச்சுக்குக் கொடுப்பதற்காகப் பார்த்து எழுதினாள். எழுத்துப் பிழையைத் திருத்து, சொல்லைத் திருத்தாதே என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவளைப் பற்றி எழுதியிருப்பதையும் அப்படியே விட்டிருக்கிறாள். அந்த நெஞ்சுரம் அவள் வாப்பாவிடமிருந்து வந்தது.

காக்கா பிறந்தது மருதமுனையில், கடலோரத்தில் எங்கள் உம்மாவின் வளவில். வாப்பா இளம் வயதிலேயே மௌத்தாகிவிட்டதால் காக்கா மீன் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளம்பினார். காலையில் கரையில் மீன் எடுத்து, கிட்டங்கித் தாம்போதிப் பாலத்தைக் கடந்து, உள் ஊர்களில் தெருத் தெருவாக விற்பார். மழைக் காலத்தில் தாம்போதியின் மேலால் தண்ணீர் பாயும்போது பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடப்பார். அந்த உழைப்பில்தான் எனக்குக் கல்யாணம் செய்து வைத்தார். உம்மாவின் வளவில் எனக்கு வீடு கட்டித் தந்தார். நான் இன்றைக்கும் இருப்பது அந்த வளவில்தான். அவர் மதினியைக் கல்யாணம் செய்து, நம் ஊர் வழக்கப்படி மதினியின் வீட்டுக்குப் போனார். அந்த வீடும் கடலோரம்தான்.

பிறகு சைக்கிளை விட்டு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கினார். அது மீன் பெட்டியோடு ஒரு ஏற்றத்தைக் கண்டால் நின்றுவிடும். காக்கா இறங்கித் தள்ளுவார். சந்தையில் அவரைச் சீண்டாத ஆள் இல்லை.

"காக்கா, ஸ்கூட்டர வீட்ட வெச்சிட்டு நடந்து வந்திரிந்தா வெள்ளன வந்து சேர்ந்திரிப்பீங்க."

"செத்த மீனுக்கு என்னடா அவசரம்? அது எங்க போகப் போகுது?" என்பார்.

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். ஸ்கூட்டர் ஓட்டுகிற மனிசனுக்கு வேகம் எதற்கு, பவர் எதற்கு என்று அவர் உண்மையாகவே கேட்டார். மருதமுனையிலிருந்து கல்முனைக்குப் போகும் வழியெல்லாம் பள்ளிக்கூடம், பள்ளிவாசல், கடை, றோட்டில் படுத்திருக்கும் மாடு. பறந்து போனவனும் சந்தியில் நிற்கிறான், உருண்டு போனவனும் அங்கேதான் வந்து நிற்கிறான். முந்திப் போனவன் ஒரு பிளேன்டீ கூடுதலாகக் குடிப்பான், அவ்வளவுதான் என்பார்.

அப்படிக் கதைத்தவரின் வாயைக் கடல் அடைத்தது.

சுனாமி வந்த காலை நான் சம்மாந்துறையில் ஒரு கல்யாண வீட்டில் இருந்தேன். நடந்ததைக் காக்கா எனக்கு ஒரே ஒரு தடவை சொன்னார். சனம் கத்திக்கொண்டு ஓடி வர, அவர் மதினியைப் பின்னால் ஏற்றி, சின்ன மகளை மதினியின் மடியில் கொடுத்து, மூத்த மகளைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். ஒடுங்கிய மணல் ஒழுங்கை. நாலு பேரின் பாரம். வண்டி இழுக்கவில்லை. ஒழுங்கையின் பாதியில் அடங்கி நின்றது. இறங்கி ஓடினார்கள். காக்காவின் கையில் மூத்தவள், மதினியின் கையில் சின்னவள். தண்ணீர் வந்து பிரித்தது. காக்காவையும் மூத்தவளையும் ஒரு தென்னை தடுத்தது. மதினியையும் சின்னவளையும் தடுக்க ஒன்றும் இருக்கவில்லை.

"வண்டி இழுக்கல்ல புள்ள" என்றார் என்னிடம். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கவில்லை.

அந்த ஸ்கூட்டரை அவர் எறியவும் இல்லை. உப்பும் சேறும் கழுவி, அதே பெட்டியைக் கட்டி, மறுபடியும் மீன் விற்கப் போனார். கடல் எங்கள் ஆட்களை விழுங்கிய பிறகு ஊரில் யாருக்கும் மீன் தொண்டையில் இறங்கவில்லை. வாங்க ஆளில்லாத காலத்திலும் போய் வந்தார். மறு கல்யாணம் வேண்டாம் என்றார். மூத்தவளைப் படிப்பித்து, மெயின் றோட்டுக்குக் கிட்ட அவளுக்கு ஒரு வீடு கட்டி, மாப்பிள்ளை எடுத்து, அந்த வீட்டிலேயே இருந்துகொண்டார்.

அந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் வந்தது. அதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. வண்டியை நிறுத்தும்போது கடலுக்கு முதுகு காட்டி, மேற்கே பார்த்து நிறுத்துவோம். சாவியைக் கதவுக்குப் பக்கத்தில் தொங்கவிடுவோம். எந்த வீட்டில் யார் யாரை ஏற்ற வேண்டும் என்று ஒரு ஒழுங்கும் உண்டு. எங்கள் குடும்பத்தில் மருமகள் தன் பிள்ளைகளை ஏற்ற வேண்டும். என்னை ஏற்ற வேண்டியவர் காக்கா. எனக்கு முழங்கால் மடங்காது, ஓட முடியாது.

பழைய ஸ்கூட்டர் ஒரு நாள் முற்றாக நின்றது. மருமகள் புது ஸ்கூட்டர் ஒன்று கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினாள். நானும் அங்கே இருந்தேன்.

"வாப்பா, இது முறுக்கினாப் பறக்கும். எத்தின பேர ஏத்தினாலும் இழுக்கும்."

"பறக்க நான் என்ன கொக்கா மகள்? றோட்டுல மாடு படுத்துக் கிடக்கி. அந்த மாட்டுக்கிட்ட ஒன்ட வண்டிட பவரச் சொல்லிப் பாரு, எழும்புதா எண்டு."

"மாட்டுக்கில்ல வாப்பா. கடலுக்கு."

காக்கா அவள் முகத்தைப் பார்த்தார். தென்னையில் தன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கிடந்த பிள்ளையின் முகம் அது. சாவியை வாங்கினார். ஆனால் ஓட்டினது பழைய ஓட்டம்தான். சைக்கிள்காரர்கள் அவரைத் தாண்டிப் போனார்கள். "என்ன காக்கா, புதுக் குதிரைக்கும் நொண்டியா?" என்று கேட்டார்கள். அவரும் செத்த மீனின் கதையையே சொன்னார்.

போன வருடம் ஒரு நாள், பின்னேரம் அஸர் தொழுது முடிந்த நேரம், "கடல் உள்ள வாங்கிட்டாம்" என்று, சுனாமிக்கு முன் நடக்கிற மாதிரி, ஒரு கதை வந்தது. யார் சொன்னது என்று இன்றைக்கும் தெரியாது. போன் போனாகப் பாய்ந்தது. எல்லா வீட்டிலும் வண்டி மேற்கே பார்த்து நின்றது, எல்லாரும் ஒரே நேரத்தில் முறுக்கினார்கள். எங்கள் ஒழுங்கை ஒரே சத்தமாக மேற்கே போனது.

காக்கா அந்த நேரம் மகளின் வீட்டில் இருந்தார். தப்பிப் போக அவருக்கு றோட்டு பக்கத்திலேயே இருந்தது. அவர் மேற்கே பார்த்து நின்ற ஸ்கூட்டரை எடுத்துக் கிழக்கே திருப்பினார், என்னை ஏற்ற. "வாப்பா முறுக்கின சத்தத்த அண்டைக்கித்தான் மாமி கேட்டன்" என்று மருமகள் சொன்னாள்.

நான் முக்காடு போட்டுக்கொண்டு என் வாசல் படலையில் நின்றேன். நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். எல்லாச் சத்தமும் தூரப் போக, ஒன்று மட்டும் கிட்ட வந்தது. பிறகு அது நின்றது.

ஒழுங்கை திரும்பும் மூலையில் இரண்டு பக்கமும் ஆள் உயர மதில். எதிரே வருவது தெரியாது. தன் இரண்டு பிள்ளைகளோடு மேற்கே ஓடி வந்த ஒரு இளம் பெண்ணின் ஸ்கூட்டியும், என்னை நோக்கி வந்த காக்காவின் ஸ்கூட்டரும் அந்த மூலையில் சந்தித்தன. இரண்டும் நல்ல வேகம். இரண்டும் நல்ல பவர்.

அல்லாஹ் காத்தான், அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை. தாய்க்குக் கால் முறிந்தது. காக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். என் கையைத் தடவித் தேடிப் பிடித்தார்.

"ஒனக்கு ஒண்டுமில்லயே புள்ள?"

"ஒண்டுமில்ல காக்கா."

"கடல் வந்ததா?"

"இல்ல காக்கா. கடல் அதுட பாட்டுல கிடக்கி."

கண்ணை மூடினார். "அப்ப நடந்து வந்திரிந்தாலும் போதும்" என்றார். அதற்குப் பிறகு கலிமா மட்டும்தான் சொன்னார். அந்தி மஃரிப் பாங்கு சொல்ல வபாத்தானார்.

சொந்தங்களே, அவரைப் புகழ்ந்து எழுத எனக்கு நிறைய உண்டு. கடன் கேட்டவனிடம் முகம் கோணாதவர், மீன் நிறுக்கும்போது ஒரு துண்டு கூடுதலாக வைப்பவர், பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்டவர்களின் வீட்டுப் படியே மிதிக்காதவர். அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். எனக்கு இப்போது வேறு ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் இல்லை.

மருமகள் இன்னொரு ஸ்கூட்டருக்குச் சொல்லிவைத்திருக்கிறாள். முந்தினதை விடப் பெரியது.

"இன்னும் கொஞ்சம் பவர் இரிந்திருந்தா வாப்பா அந்த மூலயத் தாண்டியிரிப்பாரு மாமி."

"எதிர்ல வந்த புள்ளக்கும் அதே பவர் இரிந்திருந்தா?"

அவள் அழுதுகொண்டு கேட்டாள்: "அப்ப என்ன செய்யச் சொல்றீங்க? உம்மாவும் தங்கச்சியும் போன மாதிரி நாங்களும் நிண்டு போறதா? இழுக்காத வண்டில இரிந்தவள் நான் மாமி. நீங்க இல்ல."

அவள் சொன்னது உண்மை. கடலோரத்தில் இருப்பவளுக்கு வேகம் தேவையில்லை என்று சொல்ல எனக்கு எந்த முகமும் இல்லை.

ஆனால் போன மாரியில், என் மேற்கு மதிலும் அதை ஒட்டி நின்ற அடுத்த வளவின் மதிலும் மழைக்குச் சரிந்து விழுந்தன. நான் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, கைத்தடியை ஊன்றிக்கொண்டு அந்தச் சரிந்த இடத்தால் நுழைந்து பார்த்தேன். அந்த வளவுக்காரி தன் பின் மதிலையும் அந்த நேரம் உடைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். அதாலும் நுழைந்தேன். மெயின் றோட்டும் அதற்கு அப்பால், ஏறித் தப்பக்கூடிய பள்ளிக்கூட மாடியும் என் முன்னால் நின்றன. திரும்பி வந்தேன். சோறு இன்னும் வடிக்கும் பதத்துக்கு வரவில்லை. முழங்கால் மடங்காத நான், போய் வந்தேன். ஒழுங்கையால் சுற்றிப் போனால் எனக்குப் போக மட்டுமே அதைப் போல இரண்டு மடங்கு நேரம் வேண்டும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. முன்பு எங்கள் வளவுகளுக்கு நடுவில் ஓலை வேலி. ஒவ்வொரு வேலியிலும் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கடப்பு இருந்தது. சுனாமிக்குப் பிறகு புது வீடு வந்தது, வீட்டுக்கு ஏற்ற மதிலும் வந்தது. நானும் ஆசையாக என் மதிலைக் கட்டினேன். எல்லாரும் சேர்ந்து மேற்கே போகும் வழியை அடைத்துவிட்டு, ஒரே ஒரு வளைந்த ஒழுங்கையில் யார் முந்துவது என்று ஸ்கூட்டர் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

எல்லா மதிலும் மறுபடி எழும்பிவிட்டன. நான் வீடு வீடாகப் போய்க் கேட்டேன், மதிலில் ஒரு சின்னப் படலை வையுங்கள் என்று. கள்ளன் வருவான் என்றீர்கள். வீட்டில் குமர்ப் பிள்ளை இருக்கு என்றீர்கள். கோழி போய்விடும் என்றும் ஒரு மச்சி சொன்னாள். தாழ்ப்பாளை உங்கள் பக்கமே போடுங்கள். கடல் என்று கேட்டால் மட்டும் திறங்கள். உண்மையோ பொய்யோ, நடந்து போன மனிசன் மோதிச் சாக மாட்டான். நான் எவரிடமும் கை நீட்டி எதுவும் கேட்டதில்லை. உங்களுக்கே தெரியும். இதை மட்டும் கை நீட்டிக் கேட்கிறேன். காக்காவுக்காக ஓதுகிற ஒவ்வொரு யாஸீனும் அவருக்குப் போய்ச் சேரட்டும். ஓதிவிட்டு வீட்டுக்குப் போய் உங்கள் பின் மதிலை ஒரு தடவை பாருங்கள்.

காக்காவை மூலையிலிருந்து தூக்கி வந்தவர்களுக்கும், கடல் வருகிறது என்று தெரிந்தும் அவருக்காகத் திரும்பி வந்தவர்களுக்கும், ஜனாஸாவைக் குளிப்பாட்டிக் கபனிட்டவர்களுக்கும், மையவாடியில் குழி வெட்டியவர்களுக்கும், இன்று சோறு சமைக்க வந்த பெண்களுக்கும் அல்லாஹ் நற்கூலி தரட்டும். கால் முறிந்த அந்தப் பிள்ளை இந்த ஒரு வருடமாக என் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கிப் போகிறாள். மகளே, நீ உன் பிள்ளைகளைக் காப்பாற்றப் போனாய். அவர் என்னைக் காப்பாற்ற வந்தார். உன் மேல் எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. கத்தத்துக்கு வந்து ஒரு பிடி சாப்பிட்டுவிட்டுப் போ.

இதைப் பிறகு சேர்த்து எழுதுகிறேன்: மேலே உள்ளதை எழுதி முடித்த கிழமை மேசனைக் கூப்பிட்டு என் மேற்கு மதிலை உடைத்து ஒரு படலை போட்டேன். மருமகள் வந்து பார்த்தாள். திறந்து அந்தப் பக்கம் கால் வைத்தாள். அதற்கு மேல் ஒரு அடி எடுக்க இடமில்லை. அடுத்த வளவின் மதில் அவள் முகத்துக்கு முன்னால் நின்றது. அதில் கையை வைத்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள்.