மாடக்கண்ணு கடல் பார்க்கப் போனது

மாடக்கண்ணுவைத் தெரியாமல் குற்றாலத்தில் குளித்துவிட்டுப் போகிறவர்கள் குறைவு. பேரருவிக்குப் போகிற வழியில் தகரப் பந்தலுக்குக் கீழே, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "வாங்க சார், எண்ணெ தேச்சிட்டுப் போயி அருவில நில்லுங்க" என்று கூப்பிடுகிறாரே, அந்த ஒல்லி மனிதர்தான். முப்பத்தோரு வருஷமாக இதே வேலை. ஜட்ஜ் வந்தாலும் ஜவுளிக்கடை முதலாளி வந்தாலும் பலகையில் குப்புறப் படுத்துவிட்டால் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். தொட்ட மாத்திரத்தில் எந்த நரம்பு எங்கே பிசகியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அந்தக் கர்வம் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு.

ஊர் உலகமெல்லாம் சுற்றிப்பார்க்க வருகிற இடத்தில் பிறந்தவனுக்கு ஒரு சாபக்கேடு. அவன் எங்கேயும் போகமாட்டான். சீசனில் வேலை விடாது. சீசன் முடிந்தால் உடம்பு விடாது. மாடக்கண்ணுவின் மனைவி குருவம்மாளுக்குக் குத்துக்கல்வலசைப் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவள் போன தூரம் கிழக்கே ஆலங்குளம், வடக்கே புளியங்குடி. இரண்டும் கல்யாண வீடுகள். மாசி மாதம் ஒரு நாள் அவள் சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்.

"எனக்குக் கடலப் பாக்கணும். நகை வேண்டாம், சேல வேண்டாம். ஒரு நாளு என்கூட வந்து மணல்ல உக்காரணும். அங்கன போயி நீங்க ஒரு சோலியும் பாக்கக் கூடாது."

"இது ஒரு பெரிய காரியமா?" என்றார் மாடக்கண்ணு. வாயால் செய்கிற வேலையெல்லாம் அவருக்குச் சுலபம்.

திசையன்விளைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன மீன்பிடி ஊர். பெயரைச் சொன்னால் ஜஸ்டின் கோபித்துக்கொள்வார், வேண்டாம். ஜஸ்டின் அந்த ஊர்க்காரர்; வருஷா வருஷம் ஆடியில் குற்றாலம் வந்து எண்ணெய் தேய்த்துக்கொண்டு போகிற ஆள். அவருக்குப் போன் போட்டு, அங்கே பார்ப்பதற்கு என்னென்ன உண்டு என்று மாடக்கண்ணு விசாரித்தார். விடியற்காலையில் வள்ளங்கள் கரையேறுவதைப் பார்க்கலாம், மீன் ஏலம் பார்க்கலாம், பிடித்த மீனை அப்படியே குழம்பு வைத்துத் தின்னலாம் என்று ஜஸ்டின் சொன்னார். என்றைக்கு வேண்டுமானாலும் வாருங்கள் என்றார். கிழமை கேட்க அவருக்குத் தோன்றவில்லை. சொல்ல இவருக்கும் தோன்றவில்லை. குற்றாலத்துக்காரருக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எல்லா ஊர்க்காரனும் ஞாயிற்றுக்கிழமைதானே குடும்பத்தோடு கிளம்பி வருகிறான்? ஆகவே ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏறினார்கள்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. கடற்கரையில் ஈ காக்கை இல்லை. வள்ளங்கள் எல்லாம் மணலில் கிடந்தன. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்த ஜஸ்டின் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழமையா வருவிய அண்ணாச்சி? இன்னைக்கு நாங்க கடலுக்குப் போவ மாட்டோம்லா."

"அப்பம் ஏலம்?"

"நாளைக்கித்தான்."

"மீன் கொழம்பு?"

"கோழி எடுத்திருக்கேன்."

"பெறகு இங்கன பாக்கதுக்கு என்னதான் இருக்கு?"

ஜஸ்டின் கொஞ்சம் யோசித்தார். "கடல் கெடக்கு அண்ணாச்சி."

மாடக்கண்ணுவுக்கு முகம் செத்துவிட்டது. குருவம்மாளுக்கோ பரம திருப்தி. அவள் கேட்டதே அதைத்தான். ஒரு வள்ளத்தின் நிழலில் செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தாள். "வாங்க, உக்காருங்க" என்று பக்கத்து மணலைத் தட்டினாள். அவரும் உட்கார்ந்தார். அலை வந்தது, போனது. மறுபடி வந்தது. பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். இது என்ன, இதுக்கு முடிவே கிடையாதா என்று அவருக்குக் கை துறுதுறுத்தது.

"ஒரு முங்கு போட்டுட்டு வந்துருதேன்" என்று எழுந்து, பைக்குள்ளிருந்து எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தார்.

குருவம்மாள் பாட்டிலையே பார்த்தாள். "இத எதுக்குக் கொண்டாந்திய?"

"தண்ணில எறங்குதவன் எண்ணெ தேய்க்காம எறங்குவானா?"

குற்றாலத்தில் அது நியாயமான பேச்சு. இங்கே அவர் உச்சி முதல் உள்ளங்கால் வரை பளபளவென்று தேய்த்துக்கொண்டு கடலுக்குள் இறங்கியதை, ஏலக் கொட்டகையில் சீட்டு ஆடிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்கவில்லை. ஒரு அலை அவரைப் புரட்டிக் கரையில் போட்டது. எழுந்தபோது மேலெல்லாம் மணல் அப்பியிருந்தது.

"மசால் நல்லா புடிச்சிருக்கு. அடுப்புல போடதுதான் பாக்கி" என்றார் ஏசுதாசன் என்ற பெரியவர். கொட்டகையே சிரித்தது.

மாடக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. ஆனால் கண் ஏசுதாசனின் தோளில் போய் நின்றது. வலை இழுத்து இழுத்து ஒரு பக்கம் இறங்கிய தோள். "வலது கை தலைக்கு மேல போவாதே? சீப்பு எடுத்துத் தல சீவ முடியாதே?" என்றார். ஏசுதாசன் சிரிப்பை நிறுத்தினார். "அதெப்பிடித் தெரியும்?"

"படுங்க."

அவ்வளவுதான். அரைமணி நேரத்தில் ஏசுதாசன் கொட்டகைப் பலகையிலிருந்து எழுந்து கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். செய்தி தெருவுக்குள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை, ஊரிலுள்ள ஆம்பிளை அத்தனை பேரும் சும்மா இருக்கிற நாள். கொட்டகையில் வரிசை நின்றது. மாடக்கண்ணு யாரிடமும் காசு வாங்கவில்லை. ஆகவே இது சோலியில் சேராது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கோழிக் குழம்பை நின்றுகொண்டே சாப்பிட்டார். அவ்வப்போது திரும்பிப் பார்ப்பார். குருவம்மாள் அதே இடத்தில் உட்கார்ந்திருப்பாள். "இந்தா வந்துட்டேன்" என்று இங்கிருந்தே கை காட்டுவார். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவருக்கு உறுத்தத்தான் செய்தது. அதற்குள் அடுத்த ஆள் படுத்துவிட்டான்.

மூன்றரை மணிக்குக் கடைசி ஆளும் எழுந்து போனான். மாடக்கண்ணு கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குருவம்மாள் வந்து பலகையில் உட்கார்ந்தாள்.

"என்னட்டி, இங்கன வந்து உக்காருத?"

"எனக்கும் வலது தோளுதான்" என்றாள். "எட்டு மாசமாச்சு. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியல."

அவர் தொட்டுப் பார்த்தார். கல்லாக இறுகியிருந்தது. முந்நூறு பிள்ளைகளுக்குச் சாம்பார் அண்டா தூக்கி இறக்குகிற தோள். எட்டு மாதமாக ஒரே வீட்டில், ஒரே பாயில். யாரோ ஏசுதாசன் தோள் பத்தடி தூரத்திலிருந்து தெரிந்த மனிதருக்கு இது தெரியவில்லை. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது. பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு வந்தது.

ஜஸ்டின் வேகமாக வந்தார். "மதினி, நாலு மணி பஸ்ஸு வந்துட்டு. இத விட்டா ராத்திரிதான்."

"வீட்டுக்குப் போவோம்ட்டி" என்றார் மாடக்கண்ணு, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "நல்லெண்ணெய காச்சி நானே தேச்சு விடுதேன்."

குருவம்மாள் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"வீட்டுல எனக்கு வேல கெடக்கும்" என்றாள். "இன்னைக்கு ஒரு நாளுதான் சும்மா இருந்தேன்."