மேஸ்திரியின் கிளி

போடி தியேட்டருக்கு மகளோடு போயிருந்தேன். கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த மந்திரவாதியின் பழைய கதையைப் புதுப்படமாக எடுத்திருந்தார்கள். இடைவேளையில் வாங்கிய டீயில் ஏலக்காய் தூக்கலாக இருந்தது. ஒரு வாய் குடித்ததுமே, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அம்மா வேலை பார்த்த ஏலக்காய் ஸ்டோருக்கு நினைவில் போய்விட்டேன்.

அங்கே பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பருங்காய் தனி, பொடிக்காய் தனியென்று பொறுக்குவார்கள். மத்தியானத் தூக்கம் வராமலிருக்கப் பேச்சியக்கா கதை சொல்லுவாள். ஒருநாள் அவள் சொன்ன இதே கதையில் ராசகுமாரன் கிளியின் கழுத்தைப் பிடித்ததும் நான் ஓவென்று அழுதுவிட்டேன்.

"அழாத ஆத்தா, கிளி தப்பிச்சுக் குரங்கணி மலைப் பக்கம் பறந்துருச்சு" என்றாள் பேச்சியக்கா.

"அப்ப மந்திரவாதி?"

"அவனும் சாகல. அந்தா, வாசல்ல நிக்கிறாரு பாரு, நம்ம மேஸ்திரி!"

பெண்கள் குலுங்கிச் சிரித்தார்கள். "என்ன சிரிப்பு? வெரசா சோலியப் பாருங்க!" என்று மேஸ்திரி அதட்டினார்.

நான் மட்டும் அதை நம்பினேன். தெருவில் எவன் கிளியைப் பார்த்துக் கவணைத் தூக்கினாலும் ஓடிப்போய்த் தடுத்தேன். அதட்டினாலும், சாயங்காலம் எனக்குக் கடலைமிட்டாய் தருகிற மனுஷன் அவர்.

படத்தின் முடிவில் கிளியின் கழுத்தைத் திருகினார்கள். என் மகளோடு சேர்ந்து தியேட்டரே கைதட்டியது. மேஸ்திரியின் முகம் கண்ணில் நின்றது. எனக்குக் கை எழவில்லை.