நான் சொன்ன அளவு

எங்கள் வீட்டு விவரத்தை வார்டு சபையில் யார் கொடுத்தார்கள்? தம்பானூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு வாசலில், மாநகராட்சி ஓவர்சியர் அளவு டேப்போடு வந்து நின்றதும் எனக்கு முதலில் எழுந்த கேள்வி அதுதான்.

"சேச்சி, ஸ்கூல்ல சரிவுப்பாதை கட்டப் போறோம். மோளோட சக்கர நாற்காலிய ஒண்ணு அளக்கணும்."

நடக்க முடியாத என் மகளை அடுத்த மாதம் அந்தப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க இருந்தோம். ஆனால் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளைப் படம் பிடித்து நோட்டீஸில் போட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். நாற்காலி படுக்கையறையில் இருக்க, "ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றேன். அகலத்தை உத்தேசமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பள்ளி திறந்த அன்று, சரிவுப்பாதையின் இரண்டு கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நாற்காலி நுழையவில்லை. இரண்டு விரல் அகலம் குறைந்தது.

ஓவர்சியர் கொத்தனாரிடம் பாய்ந்தார். "எந்தா அண்ணாச்சி, உறக்கத்திலயா கம்பி நட்டீங்க?"

"நீங்க சொன்ன அளவுதான் சாரே!"

மகள்தான் சொன்னாள்: "மாமா, நாற்காலி அன்னைக்கு வீட்டுலதான் இருந்துச்சு. அம்மா ஒளிச்சு வச்சா."

ஓவர்சியர் என்னைத் திட்டவில்லை. டேப்பை நீட்டினார். "சேச்சியே அளந்து சொல்லுங்க. நாளைக்கு ஒரு பக்கத்துக் கம்பிய மாத்திடலாம்."

மூன்று முறை அளந்தேன். நான் சொன்னதை அவர் சரிபார்க்காமல் எழுதிக்கொண்டார்.

இன்றும் அரசாங்கத்து ஆள் கதவைத் தட்டினால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. ஆனால் அன்று சந்தேகப்படக் காரணம் இருந்தது அவருக்குத்தான். அவர் சந்தேகப்படவில்லை.